லாக்காப் மரணம்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

போலீஸ் காவலில் இந்திய ஆடவர் ஒருவர் இறந்தார் என்று செய்தி வந்தால், நம்மிடையே உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "நாம் இந்தியர், அதனால்தான் இப்படி அடிக்கிறார்கள்" என்பது ஒன்று. "ஒழுங்காக இருந்திருந்தால் போலீஸ் ஏன் பிடிக்கப்போகிறது?" என்பது இன்னொன்று. சாப்பாட்டுக் கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த இரண்டு தரப்பும் மோதி, பிறகு அடங்கிவிடும். அடுத்த மரணம் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

முதலில் இனத்தைப் பார்ப்போம். உள்துறை அமைச்சு நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாகக் கொடுத்துள்ள எண்ணிக்கைப்படி, காவலில் இறந்தவர்களில் மலாய்க்காரர்களே அதிகம். ஆகவே இது இந்தியர் பிரச்சினை மட்டும் அல்ல. ஆனால் நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். காவல் மரணங்களில் நம் பங்கோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். கைதாகிறவர்களிலும் இந்தியர் விகிதம் அதிகம் என்று இதற்குப் பதில் வரும். இருக்கலாம். ஆனால் கைதான ஒருவர் ஏன் உயிரோடு வீடு திரும்பவில்லை என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

2009-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த குகன் வழக்கை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட 22 வயது இளைஞர், சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் சேர்ந்ததே காரணம் என்றது முதல் சவப்பரிசோதனை. குடும்பம் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, கடுமையாக அடிபட்டுத் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்தது என்று காட்டியது.

குற்றவியல் வழக்கு ஒரே ஒரு கான்ஸ்டபிள் மீதுதான் போடப்பட்டது. குற்றச்சாட்டும் கொலை அல்ல, காயம் விளைவித்தது. அவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது. அவரும் ஓர் இந்தியர். "நாம் இந்தியர், அதனால்தான் அடிக்கிறார்கள்" என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அடித்தவர் என்ன இனம் என்பதோடு விஷயம் முடியவில்லை. யாரை அடித்தால் மேலிடம் கேட்காது, யாருடைய குடும்பத்துக்கு வழக்கறிஞர் இல்லை, எந்த வட்டாரத்துப் பையன் பெயரைச் சொன்னாலே ஊர் "அவன் கேங்தானே" என்று ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இன பாகுபாடு அங்கேதான் வேலை செய்கிறது. அடிப்பவர் நம் இனமாகவே இருந்தாலும் அது மாறுவதில்லை.

சிவில் வழக்கில்தான் கேள்வி மேலே போனது. 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் குகன் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. சம்பவத்தின்போது சிலாங்கூர் மாநிலப் போலீஸ் தலைவராக இருந்த காலிட் அபு பாக்காரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அவர் தேசிய போலீஸ் படைத் தலைவராகியிருந்தார், பதவியிலும் தொடர்ந்தார். இழப்பீட்டுப் பணமோ அரசாங்கத்தின் பணம், அதாவது நாம் கட்டும் வரி.

இப்போது அந்த இரண்டாவது பேச்சு, தனிமனிதப் பொறுப்பு. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர்கள் என்று சொல்லப்பட்ட 40,000 பேரில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கையில் தொழிலும் நிலமும் இல்லாமல் பட்டண அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதில் பலர். காரணம் இருக்கிறது என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது. கார் திருடியவன், பாராங்கோடு வந்தவன் சிறைக்குப் போகட்டும். அவனால் பாதிக்கப்படுவதும் பெரும்பாலும் நம் மக்கள்தான்.

ஆனால் பொறுப்பு என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதிய கணக்கா? திருடியவன் தன் செயலுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால், அடித்தவரும் பெயரோடு பதில் சொல்ல வேண்டும். லாக்காப் சாவியை வைத்திருந்தவரும், பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியும், முதல் அறிக்கையில் "நோய்" என்று எழுதியவரும் அப்படியே. "போலீஸ் துறை" என்று பொதுவாகச் சொல்லும்போது அந்தப் பெயர்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. இறந்தவரின் பழைய குற்றப் பதிவு மட்டும் மறுநாளே செய்தியாகிவிடுகிறது.

2017 பிப்ரவரியில் கிள்ளானில் பாலமுருகன் என்பவர் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரப்பட்டார். அவர் நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட் காவலை நீட்டிக்க மறுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். போலீஸ் அவரை மீண்டும் நிலையத்துக்கே கொண்டுபோனது. அவர் அங்கேயே இறந்தார். சட்டம் தன் வேலையைச் செய்த பிறகும் உயிர் போனது. ஏனெனில், உத்தரவை மீறினால் தனக்கு என்ன ஆகும் என்ற பயம் அங்கே யாருக்கும் இல்லை.

அந்தப் பயத்தை உண்டாக்கத்தான் 2005-இல் அரச விசாரணை ஆணையம் சுயேச்சையான போலீஸ் புகார் ஆணையத்தைப் பரிந்துரைத்தது. 18 ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2023 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது வேறொரு வடிவம்: சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம். இது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தானே தண்டிக்க முடியாது. அந்த அதிகாரம் பழையபடி போலீஸ் படை ஆணையத்திடமே இருக்கிறது. போலீஸ் படைத் தலைவரின் நிலையான கட்டளைகளுக்கு உட்பட்ட செயல்களும் இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. தேர்தல் வரும்போது நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் எப்போது வரும்? ஆலயத்துக்கு மானியம் எவ்வளவு என்று கேட்கும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை சில. பிடிபட்டவருக்குக் கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு முன் குடும்பத்தையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதை மறுக்க வேண்டுமானால் உயர் அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் தடுப்புக் காவல் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது காயம் இருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் இந்தக் கட்டத்தில் இலவசமாக வரும். காவலில் மரணம் நேர்ந்தால் சட்டப்படி மரண விசாரணை நடத்த வேண்டும். இரண்டாவது சவப்பரிசோதனை வேண்டும் என்றால், உடலைத் தகனம் செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

குகன் குடும்பம் முதல் அறிக்கையோடு நின்றிருந்தால், இன்று அது "நுரையீரலில் நீர்" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும். அவர்கள் கேட்டார்கள், அதனால்தான் ஒரு கான்ஸ்டபிள் சிறைக்குப் போனார், ஒரு போலீஸ் தலைவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொன்னார். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, "பையன் எப்படிப்பட்டவன்?" என்று விசாரிப்பதற்கு முன், "அந்த நேரத்தில் நிலையத்தில் பணியில் இருந்தது யார்?" என்று கேட்போம்.