பாவமா, குற்றமா? பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலைத் திறந்தால், பாடம் தொடங்கும் முன்பே தீண்டாமைக்கு எதிரான வாசகம் இருக்கும். தீண்டாமையைப் பாவம் என்கிறது, பெருங்குற்றம் என்கிறது, மனிதத்தன்மை இல்லாதது என்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்தபடியே பிள்ளைகள் பள்ளியை முடிக்கிறார்கள். எந்த வகுப்பிலாவது அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி எழுந்திருக்கிறதா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். கைதானவர்களில் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் புத்தகத்திலும் அதே வாசகம்தான் இருந்தது.

அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு கட்டத் தடை விதிக்கச் சொன்ன பரிந்துரைதான் அதிகம் பேசப்பட்டது. கயிற்றை அறுக்கத்தான் வேண்டும். ஆனால் கட்டச் சொன்ன எண்ணத்தை எந்தச் சுற்றறிக்கை அறுக்கும்?

உடனே 'நீதிபோதனை' என்பார்கள். போதனை போதும் தோழர்களே! எல்லாரும் சமம் என்று ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், மணி அடித்துவிடும். சாதியும் இப்படித்தானே கற்றுத்தரப்படுகிறது? பெரியவர் சொல்ல, சின்னவர் கேள்வியில்லாமல் ஏற்க. அதே வழியில் சமத்துவத்தை ஊற்றினால் ஒட்டாது. நமக்கு வேண்டியது தத்துவ வகுப்பு.

தத்துவ வகுப்பு என்றால் சாக்ரடீஸ் எப்போது பிறந்தார் என்று மனப்பாடம் செய்வதல்ல. 1970களில் அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் சிறுவர்களுக்கான தத்துவத்தை ஒரு வகுப்பறை முறையாக்கினார். வட்டமாக உட்கார்ந்து கதை படிப்பார்கள். பிள்ளைகளே கேள்வி எழுப்புவார்கள். கருத்துச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இதற்கு அடித்தளம் ஜான் டூயியின் கல்விச் சிந்தனை. 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்த அம்பேத்கரின் ஆசிரியர் அதே டூயிதான். ஆக, இது நமக்கு அந்நியச் சரக்கு அல்ல.

அந்த வாசகத்திலிருந்தே தொடங்கலாம். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். பாவத்துக்கு யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? குற்றத்துக்கு யாரிடம்? பரிகாரம் செய்தால் பாவம் தீரும் என்கிறார்களே, குற்றமும் தீருமா? அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது, பாவம் என்று சொல்லவில்லை. ஏன்?

இன்னொன்று, ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த யோசனையை ஒட்டியது. வகுப்பைப் பெருக்குவது யார், கழிப்பறை யார் பொறுப்பு, முன் வரிசை யாருக்கு என்று பிள்ளைகளே விதி எழுதட்டும். தான் யாராக இருப்போம் என்பது எழுதும்போது தெரியாது. எழுதி முடித்த பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ அனுப்பிய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் நாட்டில் இது வெறும் விளையாட்டா?

ஒரு எச்சரிக்கை. வட்டம் போட்டதாலேயே சமத்துவம் வந்துவிடாது. அம்பேத்கரைத் தனிச் சாக்கில் உட்கார வைத்ததும் பள்ளிக்கூடம்தான். தலித் பிள்ளையை எழுப்பி "உன் வேதனையைச் சொல்" என்பது தத்துவம் அல்ல, வன்முறை. தன்னை மேல் என்று நினைப்பவனிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

"முதலில் எழுதப் படிக்கக் கற்கட்டும்" என்பார்கள். கட்டணப் பள்ளிக்குச் சிந்தனை, அரசுப் பள்ளிக்கு எழுத்துக் கூட்டல் என்று பங்கு பிரித்தது யார்? இது மனுநீதியின் புது கால அட்டவணை. "சாதியைப் பேசினால் சாதி வளரும்" என்பார்கள். பேசாமல் இருந்த பள்ளிகளில்தான் மாணவர் பைக்குள் அரிவாள் வந்தது.

கல்லூரித் தோழர்களே, அரசாணைக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில், மாலைப் பாடசாலையில் இந்த வாரமே தொடங்குங்கள். அந்த மூன்று சொற்களையும் எழுதிப் போடுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் பேசட்டும்.