கமிஷன் வேலைக்கு எதற்கய்யா சேர்க்கைக் கட்டணம்?

"பணம் கட்டுங்கள், அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது வந்தால் ஏமாறாதீர்கள் நண்பர்களே!

அஃபிலியேட் என்பது தரகு வேலை. நம்ம சேலம் லீ பஜார் மண்டியில் சரக்கு விற்றால்தான் கமிஷன். இங்கேயும் நம் லிங்க் வழியே யாராவது பொருள் வாங்கினால்தான் காசு. அமேசான் அசோசியேட்ஸில் சேர ஒரு பைசா கட்டணம் கிடையாது. சொந்தச் சரக்கோடு ஒரு தளமோ சேனலோ வேண்டும். 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். இதை எந்த ஏஜென்ட்டாலும் மாற்ற முடியாது.

"புதுசு என்பதால் நிராகரிக்கிறார்கள்" என்று சிலர் புலம்புகிறார்கள். காலித் தளத்தைக் காட்டினால் எவன் சேர்ப்பான்? முதலில் பத்துப் பதிவு உருப்படியாக எழுதுங்கள்.

"நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன்" என்றால் அது அஃபிலியேட்டே இல்லை. 1978-ம் வருடச் சட்டம் தடை செய்த பணச்சுழற்சி. 2012-ல் பெருந்துறை சுசி ஈமு கவிழ்ந்ததை மறந்துவிட்டோமா? அங்கேயும் முதலில் நம்மிடம்தான் பணம் வாங்கினார்கள். பறவையை வாங்கத்தான் சந்தை இல்லை. இதில் நம் பணம் மட்டுமா போகும்? நம்மை நம்பிச் சேர்ந்த நண்பன் பணமும் போகும்.

விற்றபிறகு கொடுப்பவன் வியாபாரி. சேரும்போதே கேட்பவனை வாசலோடு அனுப்புங்கள்!