முழங்காலில் அடிக்கும் காற்று

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவரிடம் வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது பெருமைதான். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி ஏறியது, சேற்றில் சிக்கிய டிராக்டரை இழுத்துப் போட்டது என்று கதை நீளும். கொஞ்சம் பழகிய பிறகுதான் குறை வெளியே வரும். குளிர்காலத்தில் ஹீட்டர் முழு மூச்சில் ஓடினாலும் கால் விறைத்துப் போகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் எங்கிருந்தோ ஓர் ஊதக்காற்று கிளம்பி நேராக முழங்காலில் அடிக்கிறது. மழை நாளில் காற்றோடு நாலு சொட்டுத் தண்ணீரும் சேர்ந்து வரும்.

இவ்வளவு விலை கொடுத்த வண்டியில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். கேட்பவர் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் எஃகுக்குப் பெரும் தட்டுப்பாடு. ரோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில், ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்தால் வேறு எதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் டிஃபெண்டரின் மூதாதையான லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகமானது. எஃகு கிடைக்காததால் உடம்புக்கு பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. தகட்டை வளைத்து நெளித்து அழகு பார்க்கப் பெரிய அச்சுகளும் இல்லை. ஆகவே தட்டைத் தட்டையாக வெட்டினார்கள், ஓரத்தை மடித்தார்கள், போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

எஞ்சின் அறையையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்போ எஃகு. பல்க்ஹெட் என்று அதற்குப் பெயர். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது ஃபயர்வால். விங், கதவு, தரைத் தகடு, முன் கண்ணாடிச் சட்டம் எல்லாம் இதில் வந்துதான் சேர்கின்றன. போல்ட்டில் சேரும் எந்த இரண்டு பாகத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கும், அதை ரப்பரோ பசையோ அடைக்க வேண்டும். ரப்பருக்கும் பசைக்கும் ஆயுள் சில ஆண்டுகள், வண்டிக்கோ சில பத்தாண்டுகள். 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து இந்த வரிசையின் கடைசி வண்டி வெளியேறும்வரை, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில், இந்த அடிப்படை அப்படியே இருந்தது.

இடுக்கு இருந்தால் மட்டும் காற்று வந்துவிடாது, தள்ளிவிட ஒரு விசை வேண்டும். அந்த விசையை வண்டியே உண்டாக்குகிறது. டிஃபெண்டரின் முன் கண்ணாடி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். ஓடும்போது எதிர்க்காற்று அதில் மோதி, கண்ணாடியின் அடிப்பகுதியில் முட்டி நிற்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அந்த முட்டல் சதுர மீட்டருக்கு 30 கிலோ எடை வைத்தாற்போன்ற அழுத்தம். 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிட அது போதும். மழைத் தண்ணீர் மேல்நோக்கி ஏறி டேஷ்போர்டுக்குள் வருவதாக யாராவது சொன்னால் நம்பலாம், மிகையில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத காற்று நெடுஞ்சாலையில் ஏறியதும் தெரிவது இதனால்தான்.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேஷ்போர்டின் நீளம் சுமாராக ஒன்றரை மீட்டர். அந்த நீளத்துக்கு வெறும் 1 மி.மீ. இடுக்கு விட்டால் மொத்தப் பரப்பு 15 சதுர செ.மீ. அதாவது 4 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள ஓட்டை ஒன்றைக் காலுக்கு நேராகப் போட்டு வைத்ததற்குச் சமம். கண்ணுக்கு அது கோடாகத் தெரிவதால் யாரும் ஓட்டையாக நினைப்பதில்லை.

முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநருக்கு ஒன்றும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமாக, இரண்டு அகலமான மூடிகள் இருக்கும். பழைய டிஃபெண்டரின் முகமே இந்த மூடிகள்தான் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே லிவரைத் தள்ளினால் மூடி வெளிப்பக்கம் திறக்கும். பூச்சி வராமல் இருக்கப் பின்னால் ஒரு கம்பி வலை. ஏ.சி. இல்லாத காலத்தில், ஆப்பிரிக்க வெயிலில், இதைவிட நல்ல காற்று ஏற்பாடு கிடையாது. அழுத்தம் அதிகம் முட்டி நிற்கும் இடத்திலேயே வாசல் வைத்த மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். வாசலைச் சாத்தும்போதுதான் தொல்லை. மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வெயிலில் காய்ந்து, பழைய செருப்பு வார் போல விறைத்து, மூலைகளில் வெடித்துவிடும். அதன் பிறகு லிவரை எவ்வளவு இறுக்கினாலும் மூடி உட்காராது.

இதைச் சோதிக்க ஒரு செய்தித்தாள் துண்டு போதும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூடிக்கு இடையில் வைத்துச் சாத்திவிட்டு இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் தொடவே இல்லை. நாலு விரற்கடைக்கு ஒரு தடவை வைத்து இழுத்துக்கொண்டே போனால், பெரும்பாலும் நடுப்பகுதி பிடிக்கும், ஓரங்கள் வழுக்கும். உடனே தடித்த ஃபோமை வாங்கி ஒட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. அதில் வேறொரு வம்பு இருக்கிறது. ஃபோம் அளவுக்கு மேல் தடித்தால், மூடி முழுக்கச் சாத்தாமல் கீலை நெம்பும். நாளடைவில் மூடியே வளைந்துவிடும். சாத்தும்போது பாதிவரை அமுங்குகிற தடிமன்தான் சரி.

ஃபோமில் சாதி இரண்டு. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். காற்றும் போகும், தண்ணீரையும் குடிக்கும். இன்னொரு வகையில் ஒவ்வொரு கண்ணறையும் தனித்தனியே மூடியிருக்கும், ஈ.பி.டி.எம். ரப்பரில் செய்த கதவு பீடிங், ஒரு பக்கம் பசை தடவிய கறுப்பு டேப் ஆகியவை பெரும்பாலும் இந்த வகை. வண்டிக்கு இரண்டாவதுதான் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலாவதைத் திணித்தால் அது மழைத் தண்ணீரை உறிஞ்சி, எஃகுத் தகட்டின்மேல் மாதக்கணக்கில் ஈரத்துணி போட்டு வைத்த கதையாக்கிவிடும். டிஃபெண்டரின் பல்க்ஹெட் ஏற்கெனவே துருவுக்குப் பேர்போனது. மேல் மூலைகளும் கால் வைக்கும் குழியும் முதலில் போகும். அதோடு, பூச்சு போன இடத்தில் அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால், இரும்பின் துரு போதாதென்று அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும்.

சிலிக்கான் பசையிலும் பார்த்து வாங்க வேண்டும். பிதுக்கியதும் வினிகர் நெடி அடிக்கும் வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயின்ட் இல்லாத தகட்டில் அது துருவை அழைத்து வந்துவிடும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்டும் பிடிக்காது. டிங்கரிங் பட்டறையில் சிலிக்கான் அப்பிய வண்டியைக் கொண்டு நிறுத்தினால் அங்கே வசவு விழுவது நியாயமே. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் தப்பு, டப்பாவிலிருந்து பீய்ச்சியடித்தால் பொங்கி நிறையும் ஃபோமை டேஷ்போர்டுக்குப் பின்னால் அடிப்பது. ஐந்து நிமிடத்தில் காற்று நிற்கும். வயரிங்கும் ஹீட்டர் கேபிளும் அதற்குள் புதைந்துபோகும். தீப்பிடிக்கிற பொருளைக் கொண்டுபோய் ஃபியூஸ் பக்கத்தில் அடைத்து வைப்பதும் அதே ஐந்து நிமிட வேலைதான்.

இந்தியாவில் இந்தக் குளிர்காற்றின் முழு வீரியத்தையும் பார்க்க டார்ஜிலிங் மாவட்டம் போக வேண்டும். மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு, தேயிலைத் தோட்ட துரைமார்கள் விட்டுப்போன சீரீஸ் ஒன் என்ற முதல் தலைமுறை லேண்ட் ரோவர்கள் ஏறி இறங்கி வந்திருக்கின்றன. 1950களின் வண்டிகள் அவை. பலவற்றில் இப்போது இருப்பது மகிந்திரா டீசல் எஞ்சின். எஞ்சின் மாற்றிய எந்தப் பழைய வண்டிக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. பழைய கேபிளும் குழாயும் வந்த துளைகள் காலியாகும், புதியவற்றுக்குப் புதுத் துளை போடுவார்கள், காலியானதை அடைக்க மறந்துவிடுவார்கள்.

தொழிற்சாலையே விட்டுவைக்கும் துளைகளும் இருக்கின்றன. ஸ்டீயரிங் வலப்பக்கம் வேண்டும் நாடுகளுக்கும் இடப்பக்கம் வேண்டும் நாடுகளுக்கும் பல்க்ஹெட் ஒன்றுதான். பெடல்களுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கும். தேவைப்படாத பக்கத்தை ஒரு தகட்டால் மூடியிருப்பார்கள். அந்தத் தகட்டின் அடியில் இருக்கும் கேஸ்கட் மக்கிப்போனால், பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் குளிர். ஓட்டுபவர் ஒன்றும் தெரியாமல் வருவார்.

இந்தத் துளைகளை அடைப்பது குளிருக்காக மட்டும் அல்ல. இவற்றின் அந்தப் பக்கம் எஞ்சின் இருக்கிறது. புகைக்குழாய் இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும் புகை இதே வழியாக உள்ளே வரும். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காலில் படும் காற்று சூடாகவோ எண்ணெய் நாற்றத்தோடோ வந்தால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு, ஓட்டுநர் இடத்தில் குனிந்து பார்த்தால், வெளிச்சம் வரும் புள்ளியெல்லாம் ஓட்டை. மூலை முடுக்கில் ஒளிந்திருப்பவற்றுக்கு, ப்ளோயரை ஓடவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றி, ஊதுபத்தியை ஓரமாக நகர்த்திக்கொண்டே போகலாம். புகை எந்த இடுக்கில் வெளியே இழுபடுகிறதோ அதுதான் வண்டி ஓடும்போது காற்று உள்ளே வரும் வழி. வயர் போகும் துளைக்கு ரப்பர் குரோமெட் போட வேண்டும். வெறும் பசையை அப்பினால், தகட்டின் கூர் ஓரம் வயரின் தோலை அறுப்பது நிற்காது.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஹீட்டர் வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கித் தருகிறது, அது வந்த அளவுக்கு வெளியேறவும் வழி வேண்டும். மூடிய வண்டிக்குள் நாலு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி வெளுத்துவிடும். கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் மழைத் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை. உற்சாகத்தில் அவற்றையும் டேப் ஒட்டி மூடியவரின் கதவு உள்ளுக்குள்ளேயே குளமாகும். கிளட்ச் உறைக்கு அடியிலும் ஒரு துளை உண்டு. ஆற்றில் இறங்கும் முன் அதற்குத் திருகு போட்டு அடைப்பார்கள், வெளியே வந்ததும் கழற்றிவிட வேண்டும், எண்ணெய் கசிந்தால் சொட்டிக் காட்டுவதற்காக.

2007ல் ஃபோர்டின் 2.4 லிட்டர் டீசல் எஞ்சினோடு புது டேஷ்போர்டும் வந்தபோது, கண்ணாடிக்குக் கீழிருந்த மூடிகளை எடுத்துவிட்டார்கள். அச்சை மட்டும் முழுக்க மாற்றவில்லை. மூடி இருந்த இடத்தின் வடிவம் தகட்டில் இன்னும் புடைத்துத் தெரியும். காற்று குறைந்தது உண்மை. கோடைக்கு அந்த மூடி எவ்வளவு நல்லது என்று தெரிந்தவர்களுக்கு இது லாபமான பண்டமாற்றாகத் தோன்றாது. ஸ்லோவாகியாவின் நித்ராவில் இப்போது தயாராகும் புதிய டிஃபெண்டருக்கு ஒரே கூடாக வார்த்தெடுத்தது மாதிரியான அலுமினிய உடம்பு. அதன் உரிமையாளர்களுக்கு வேறு கவலைகள்.

டேஷ்போர்டைச் சுற்றி எல்லாம் சரிசெய்தும் கூதல் நிற்கவில்லை என்றால் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முன்பக்கத் தரைத் தகடுகளும் கியர்பாக்ஸ் மேலிருக்கும் கூடும் கழற்றி மாட்டும்படி போல்ட்டில் நிற்பவை. கிளட்ச் வேலைக்காக ஒரு தடவை கழற்றப்பட்ட தகடு, பழைய பசை காய்ந்து உதிர்ந்த நிலையிலேயே பாதித் திருகோடு திரும்பப் போடப்பட்டிருக்கும். ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுகாத பிசுபிசுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டி, எல்லாத் திருகையும் போட்டால் பாதிக் காற்று அங்கேயே நின்றுவிடும். கல்லாக இறுகும் பசை எதையும் அந்த இடத்தில் போடக் கூடாது. அடுத்த கிளட்ச் வேலைக்கு அதே தகட்டைத்தான் கழற்ற வேண்டும்.