சுவரில் பூத்த பூசணமும் குழந்தையின் இருமலும்

எண்ணூர் முகத்துவாரத்தையொட்டிய நெட்டுக்குப்பத்தில், மழை நின்ற பிறகுதான் மழையின் இரண்டாவது வேலை ஆரம்பமாகிறது. தெருவில் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். பாயும் தலையணையும் வெயிலில் காய்ந்துவிடும். அதிகாரிகளும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் சுவர் குடித்த தண்ணீர் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறுகிறது. பீரோவின் பின்புறம், துணிமூட்டை வைத்த மூலை, ஜன்னல் இல்லாத உள்ளறை ஆகிய இடங்களில் முதலில் சாம்பல் நிறப் புள்ளி, பிறகு பச்சை, பிறகு கரி அப்பினாற்போல் கறுப்பு. கூடவே ஒரு மக்கல் வாடை. நம் ஜனங்கள் இதைப் பூசணம் என்கிறார்கள். டாக்டர்கள் பூஞ்சை என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பூசணத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். இரவில் குழந்தை இருமுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

2023 டிசம்பரில் இந்தக் கரை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் பெருமழை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பியது. கண் எரிகிறது, உடம்பு அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று மக்கள் முறையிட்டார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இவற்றோடு அனல் மின் நிலையத்துச் சாம்பல் வேறு.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் இருமினால் காரணத்தை எங்கே தேடுவது? ஆலைக்காரர் புயலைக் காட்டுவார். வீட்டுக்காரர் ஆலையைக் காட்டுவார். கிளினிக்கில் “சீதோஷ்ணம் மாறுகிறது, அலர்ஜி” என்று மாத்திரை எழுதித் தருவார்கள். நோயாளியின் கையில் எந்தச் சாட்சியமும் இராது. ஆகவேதான் பூசணத்தின் ஆரம்ப அறிகுறிகளை உழைக்கும் மக்கள் தாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

அறிகுறிகள் சாதாரணமானவை. ஏமாந்து போவதும் அதனால்தான். அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, நீராக வடியும் மூக்கு, கண்ணில் நமைச்சல், தொண்டைக் கரகரப்பு, விடியற்காலையில் வரட்டு இருமல். சிலருக்குத் தோலில் தடிப்பு. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நெஞ்சில் விசில் சத்தமும் இளைப்பும். ஜலதோஷத்திலும் இவையெல்லாம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஜலதோஷம் ஒரு வாரம் பத்து நாளில் விட்டுப்போகும். பூசணத்தால் வருவது விடாது. காய்ச்சலும் பெரும்பாலும் இராது. கடலுக்குப் போன நாட்களில் குறையும், வீட்டில் இரண்டு ராத்திரி படுத்தால் திரும்பும். உறவினர் ஊருக்குப் போன குழந்தை அங்கே நன்றாகத் தூங்கும், திரும்பி வந்ததும் இருமும். ஓதமேறிய சுவரின் பக்கம் படுப்பவருக்கு அதிகமாகவும், வாசல் திண்ணையில் படுப்பவருக்குக் குறைவாகவும் இருக்கும். ஆக, அடையாளம் உடம்பில் மட்டும் இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில் வருகிறது என்பதில் இருக்கிறது.

இது தொழிலாளிக்குப் புதிய பாடமல்ல. நூற்பாலைப் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இப்படித்தான் பிடிபட்டது. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு, திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுகும். அந்தத் திங்கட்கிழமைதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. கரும்புச் சக்கையில் பூசணம் பிடித்து, அதன் தூசியை முகர்ந்தவர்களுக்கு வரும் நோயும் மருத்துவத்துக்குத் தெரிந்ததே. சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரும். பார்ப்பவர் ஃபுளூ என்றே நினைப்பார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இவ்விரண்டு நோய்களும் இடம்பெற்றன. பூசணம் நுரையீரலைக் கெடுக்கும் என்பதைச் சட்டம் ஆலைக்குள் ஒப்புக்கொண்டது. அந்தத் தொழிலாளி வீடு திரும்பிப் படுக்கும் அறையில் மட்டும் அது தீங்கற்றதாகிவிடுமா?

பீதி கிளப்புவதும் நமக்குச் சம்மதமில்லை. கறுப்பாயிருந்தால் கொடிய விஷம், பச்சையாயிருந்தால் பரவாயில்லை என்பது தவறு. நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 1993-94இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில சிசுக்களின் நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது, கறுப்புப் பூசணமே காரணம் என்று உலகமெங்கும் பேச்சு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று திருத்திக்கொண்டது. 2021இல் கொரோனாவின் பின்னால் வந்த கறுப்புப் பூஞ்சை நோயும் வேறு. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்களையும் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களையும் அது தாக்கியது. உறுதியாகத் தெரிந்ததை 2009இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம். இவ்வளவு போதும். ரத்தத்தில் பூசண விஷம் பார்க்கிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எண்ணூர்க் கரைக்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சுவரில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூசணமல்ல. உவர் நீர் ஏறிய செங்கல்லில் உப்பும் பூக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரையும், பூசணம் கரையாது. ஆனால் உப்பு பூத்தாலும் சுவரில் ஈரம் ஏறுகிறது என்றே பொருள்.

பழியெல்லாவற்றையும் சுவர் மேல் போட்டு வேறு நோயைக் கோட்டை விடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பெரியவர்களுக்கு ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு பற்றாமல் போனாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூசணத்தில் உண்மையில் விஷமானது எங்கே என்று கேட்டால், சோற்றுப் பானையைத்தான் முதலில் காட்ட வேண்டும். 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை ஏழை ஆதிவாசி மக்கள் உண்டார்கள். காமாலை கண்டது, வயிற்றில் நீர் கோத்தது. கணக்கில் வந்த நோயாளிகள் 397 பேர். இறந்தவர்கள் 106 பேர். அந்தச் சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அஃப்ளடாக்சின் என்னும் அந்த விஷம் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. வெள்ளத்தில் நனைந்த ரேஷன் அரிசியையும், பூசணம் படர்ந்த கருவாட்டையும், “பாவம், வீணாகிறதே” என்று உலர்த்திச் சமைக்கும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. மாற்று அரிசி யார் கொடுப்பது?

வீட்டில் நாமாகச் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நனைந்ததை ஓரிரு நாளில் காயவைத்துவிட்டால் பூசணம் பிடிப்பது அரிது. பிடித்துவிட்டால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுதும் பறக்கும். மூக்கை முகக்கவசத்தால் நன்றாக மூடி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும். பஞ்சு மெத்தையில் ஏறிவிட்டால் எறிவதுதான் வழி. இளைப்பு உள்ளவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பூசணத்தின் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ அடிப்பது வீண். ஈரம் நிற்காமல் பூசணம் நிற்காது.

பெயிண்ட் என்றதும் இங்கிலாந்தின் ராச்டேல் நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே வீட்டு வசதி நிறுவனத்தின் வாடகை வீட்டில் பூசணம் படர்கிறது என்று ஒரு தகப்பனார் 2017இல் முறையிட்டார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பது கிடைத்த பதில். 2020 டிசம்பரில் அவருடைய மகன் அவாப், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களில் மூச்சு நின்று இறந்தான். வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2023இல் அங்கே குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. பூசணப் புகார் வந்தால் வீட்டு உரிமை நிறுவனம் குறித்த நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும், சரிசெய்ய வேண்டும். உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றில் இதற்கு ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது.

இங்கே எண்ணெய்க் கசிவுக்குப் பின் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் சர்க்கார் அறிவித்தது. அது ஒரு முறை வந்த பணம். ஓதமோ ஒவ்வொரு மழைக்கும் வருகிறது.

ஆகவே நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எர்ணாவூர் மக்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு போடுங்கள். யாருக்கு இருமல், எந்தத் தேதி, எங்கே படுத்தார், வெளியே போனால் குறைந்ததா, அன்று ஆலைப் பக்கமிருந்து வாடை வந்ததா, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாலிபர்கள் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வீட்டின் நோட்டை அலட்சியப்படுத்தலாம். ஒரே தெருவின் நாற்பது நோட்டுகளை மேஜையில் வைத்தால் டாக்டரும் படிப்பார், அதிகாரியும் படித்தாக வேண்டும். கெடுதல் வீட்டிலிருந்தா, ஆலையிலிருந்தா என்பதும் அப்போது பிரிந்து தெரியும்.

மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்தை நாம் கேட்பது இது: ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஓதத்தையும் இருமலையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். நனைந்த ரேஷன் அரிசியை எடுத்துக்கொண்டு மாற்று அரிசி தரவேண்டும். சர்க்கார் குடியிருப்புகளில் கசியும் கூரையையும் குழாயையும் வாரியம் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும். வாடகை வீடுகளில் அந்தக் கடமை சொந்தக்காரருடையது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கிறது. வடிகால் வேலை அதற்கு முன் முடிய வேண்டும்.