அறளை என்று ஒதுக்கலாமோ?

கல்லூரி விழாக்களில் முன்வரிசையில் அமர்த்தி மாலை சூட்டப்பெறும் முதிய ஆசிரியர் ஒருவர், தம்முன் வணங்கி நிற்கும் பழைய மாணவனின் பெயரை மட்டுமன்றித் தம் மகனின் பெயரையும் மறந்து திகைக்கும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருப்போம். எண்ணும் எழுத்தும் நமக்கு ஊட்டிய அறிவு வழிதவறி நிற்பதைக் காண நெஞ்சு கனக்கின்றது. வீட்டாரோ, "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி அமைந்துவிடுகின்றனர். மூப்போடு வருவது, ஆதலாற் செய்தற்கு யாதுமில்லை என்பதே அச்சொல்லின் உட்கிடை. இவ்வெண்ணம் தவறானது என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

மூளையின் மேற்புறத்தே நரைநிறச் சடப்பொருளும், அதனுள்ளே வெண்சடப்பொருளும் உள்ளன. சிந்தனை நிகழும் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பு நார்களே வெண்சடப்பொருளாம். அந்நார்களைப் போர்த்திய கொழுப்புறையே அதற்கு வெண்ணிறம் தருவது. இப்பகுதிக்குக் குருதியைக் கொண்டு செல்பவை மிக நுண்ணிய, நீண்ட குழாய்கள். உறுகாமக் குளத்து நீர் வாய்க்கால் வழியே தொலைவிலுள்ள வட்டைக்குச் செல்வதை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் தூர்ந்தால் முதலில் வாடுவது கடைசி வயலன்றோ? அவ்வாறே உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் பல்லாண்டுகளாக நுண்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்ய, ஆழத்திலுள்ள வெண்சடப்பொருள் முதலில் நலிகின்றது. அதன் விளைவாகச் சிந்தனை மந்தமாகும், திட்டமிடும் திறன் குன்றும், நடை தளரும்.

இந்நலிவைச் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒற்றோ பின்சுவாங்கர் 1894ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆயினும், அந்நாளில் இறந்தோரின் மூளையை அறுத்தே அதனைக் காண முடிந்தது. உயிரோடிருப்பவரின் மூளையைக் கத்தியின்றிக் காணும் வழியைத் தந்தது காந்தப் புலத்தால் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படமே. அதற்கு அடிகோலிய லோற்றபர், மான்ஸ்பீல்ட் என்னும் இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். நலிந்த பகுதியில் நீர் மிகுதலால், அது படத்தில் வெண்புள்ளியாகவும் வெண்திட்டாகவும் ஒளிரும். 1987இல் பசேக்காசு என்பார் இத்திட்டுக்களை 0 முதல் 3 வரை தரப்படுத்தும் முறையை வகுத்தார். நார்களினூடே நீர் எத்திசையிற் பரவுகின்றது என்பதை அளக்கும் பிறிதொரு முறை, திட்டுக்கள் தோன்றுமுன்னரே எழும் மாற்றத்தையும் காட்டவல்லது.

ஐரோப்பாவில் 639 முதியோரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று, கடுமையான வெண்திட்டுக்கள் உடையோர் அன்றாடக் கருமங்களைத் தாமே செய்யும் ஆற்றலை விரைவில் இழப்பதைக் கண்டது. அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நம்பிக்கையூட்டுவது. குருதியமுக்கத்தை 140க்குக் கீழ் வைத்திருந்தோரிலும் பார்க்க 120க்குக் கீழ் வைத்திருந்தோரிடத்து வெண்திட்டுக்கள் குறைவாகவே வளர்ந்தன. இலேசான அறிவுத்தளர்ச்சியும் குறைந்தது. முற்றிய மறதிநோய் குறைந்தது என்று அவ்வாய்வு உறுதியாகக் கூறவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. எனினும், அறளை என்பது முழுவதும் விதியின் செயலன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

படமே முடிந்த முடிபு என்று எண்ணுவதும் பிழை. வெண்திட்டுக்கள் இருந்தும் தெளிந்த நினைவோடு வாழ்வோர் பலர். அல்சைமர் நோயும் குழாய்ப் பழுதும் ஒருவரிடத்தே கலந்திருத்தலும் உண்டு. ஆதலின் நோயாளரின் வரலாற்றையும் நடையையும் பேச்சையும் ஆராயும் வைத்தியரின் மதிநுட்பத்துக்குப் படம் துணையேயன்றி மாற்றீடு அன்று.

இனி எம்மூரை நோக்குவோம். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் உடைய 10,000 பேரைப் பல்லாண்டு ஆராயும் நோக்குடன், பெங்களூரு மூளை ஆராய்ச்சி நிலையம் 2018இல் ஒரு பெரும்பணியைத் தொடங்கியது. உழவரும் கூலியாளரும் அதிலே சேர்க்கப்பெற்று மூளைப்படம் எடுக்கப்பெறுகின்றனர். எமது நாட்டில் இராகமையில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய 4 வீதத்தினர்க்கு மறதிநோய் உண்டெனக் கண்டது. ஆனால் இராகமையின் கணக்கு செங்கலடியின் கணக்காகாது. எழுத்தறியாத ஒரு மூதாட்டியிடம் படித்தவர்க்கென வகுத்த வினாத்தாளை நீட்டினால் விடை பிழைக்கும். அவள் மூளையின் படமோ எழுத்தறிவைக் கேட்பதில்லை. எனவே வாவியைச் சூழ்ந்த எம் மக்களிடத்தும், அவர்தம் பேச்சு வழக்கிலமைந்த வினாக்களோடும் மூளைப்படத்தோடும் இத்தகைய ஆய்வு நிகழ்தல் வேண்டும். அயலிலே வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கின்றது; அதன் மருத்துவக் கல்வியாளரும் வைத்தியராக விளங்கும் எம் பழைய மாணவரும் இதற்கு முன்வரல் வேண்டும்.

ஆய்வு வரும்வரை கைகட்டி இருத்தலும் தகாது. படம் காட்டுவது இருபது முப்பது ஆண்டுக் கவலையீனத்தின் முடிவை. அதன் தொடக்கத்தைக் காட்டும் கருவியோ கையிற் சுற்றிப் பிரசர் பார்க்கும் பட்டியே. நாற்பதைக் கடந்த பழைய மாணவர் ஒவ்வொருவரும் அதனை ஒழுங்காகப் பார்ப்பித்தலும், கொடுத்த மருந்தை வைத்தியரைக் கேளாது நிறுத்தாதிருத்தலும், புகையை ஒழித்தலும், நாடோறும் நடத்தலும் கடன். நூற்றாண்டு மலர்களில் ஆசிரியரின் படத்தை அச்சிடுதல் நன்று. அவர் பெயரை நாம் மறவாதிருத்தல் போல, எம் பெயரை அவர் மறவாதிருக்கவும் வழி தேடுதல் அதனினும் நன்று.