வயதைப் பார்த்து பிராசஸரை மாற்றாதீர்கள்
கேம் திணறினால் பிராசஸர் பழசாகிவிட்டது, உடனே மாற்று என்பது இன்று விசாரணையே இல்லாத தீர்ப்பாகிவிட்டது. நான்கு வருடம் ஓடிய பிராசஸருடன் புதிய கிராபிக்ஸ் கார்டைப் போடுவது வீண் என்று கடையிலும் சொல்கிறார்கள், நண்பர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது; மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைத் தவறான பாகத்தில் கொட்ட வைப்பது. பிராசஸரை மாற்ற வேண்டுமா என்பதற்கு அதன் வயதில் விடை இல்லை. நீங்கள் ஆடும் கேமில், உங்கள் திரையில், எந்தப் பாகம் எதற்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பேருக்கு வேலை. எதிரிகளின் நகர்வு, மோதல் கணக்கு ஆகியவற்றை முடித்து, எதை வரைய வேண்டும் என்று பிராசஸர் கட்டளை கொடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு வரைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி நொடிதான் அவகாசம். 144 வேண்டுமானால் 6.9. இருவரில் யார் மெதுவோ அவரே வேகத்தைத் தீர்மானிக்கிறார். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. புள்ளிகள் பெருகினால் கார்டின் சுமை ஏறும், பிராசஸரின் சுமை பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே 4கே திரையில் ரே டிரேசிங்குடன் சைபர்பங்க் 2077 ஆடுபவருக்குப் புதிய பிராசஸரால் கிடைப்பது சொற்பம். 1080பி திரையில் 240 ஃபிரேமைத் துரத்தி கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆடுபவருக்கோ அது பெரிய வித்தியாசமாக இருக்கலாம்.

இந்த நம்பிக்கைக்குத் தீனி போடுபவை விமர்சகர்களின் வரைபடங்கள். கார்டு குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் மிக வலிமையான கார்டைப் பொருத்தி, 1080பியில் சோதிக்கிறார்கள். பிராசஸர்களை ஒப்பிட அது சரியான முறை. நடுத்தர விலைக் கார்டு வைத்திருப்பவர் அந்த இடைவெளி தனக்கும் கிடைக்கும் என்று நம்புவதுதான் பிழை. புதியது என்றாலே வேகம் என்பதும் பொய்த்திருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே, பல கேம்களில் முந்தைய 14900கேயிடம் தோற்றது. கிகாஹெர்ட்ஸ் அதிகம் என்றாலே வேகம் என்பதும் அப்படியே: 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியின் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், 2020இல் வந்த 5800எக்ஸுக்கோ 4.7. ஆனாலும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேச் 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்ந்ததால் கேம்களில் பெரும்பாலும் முந்தியது குறைந்த வேகம் கொண்ட 5800எக்ஸ்3டிதான்.

சராசரி ஃபிரேம் கணக்கு இடையிடையே வரும் திணறலை மறைத்துவிடும், அதைத் தீர்க்கப் பிராசஸர்தான் வேண்டும் என்பார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் திணறலுக்கு, கேம் ஓடும்போதே நடக்கும் ஷேடர் தொகுப்பும், போதாத ரேமும்கூடக் காரணமாகலாம். ஒரே ரேம் குச்சியில் ஓடுவதும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்காததால் 3200 வேக ரேம் 2133இல் கிடப்பதும் அப்படித்தான். எக்ஸ்எம்பியை இயக்கச் செலவே இல்லை. எதிர்காலத்துக்காக இப்போதே வாங்குகிறேன் என்பாரும் உண்டு. ரைசன் பிராசஸர்களின் பழைய ஏஎம்4 தளத்திலிருந்து புதிய ஏஎம்5க்குப் போனால் மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்தே வாங்க வேண்டும். தேவை வரும் நாளில் அதே பணத்துக்குப் பெரும்பாலும் இன்னும் நல்ல பிராசஸர் கிடைக்கும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். ஃபிரேம் வரம்புகளை நீக்கிவிட்டு, கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் பிராசஸர் குற்றவாளி அல்ல. பிராசஸரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம்: 12 திரெட் கொண்ட பிராசஸரில் ஒரு திரெட் முழுக்கத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் பிராசஸரை மாற்றுவது நியாயம். அப்போதும் இருக்கிற மதர்போர்டில் பொருந்துவதைத் தேடுங்கள்: ரைசன் 5 3600 வைத்திருக்கும் பலர் பயாஸைப் புதுப்பித்தாலே 5000 வரிசைக்கு ஏறலாம். அளந்து பார்த்தபின் செலவழிப்பவர் ஏமாறுவதில்லை. வயதைக் கேட்டுச் செலவழிப்பவர் விற்பவரின் கணக்கைத்தான் நிறைவேற்றுகிறார்.