நாய்க்கு யார் காவல்?

தர்மபுத்திரர் கதை தெரியும்தானே? கடைசிக் காலத்தில் மலையேறிப் போனபோது அவர் பின்னாலேயே ஒரு நாயும் போனது. இந்திரன் தேரோடு வந்து, சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்றான். அப்படியானால் நானும் வரவில்லை என்று தர்மர் சொல்லிவிட்டார். பெரிய மனசுதான். இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டில் ஒரு அண்ணாச்சி இல்லாததுதான் காரணமோ என்னவோ!

உடன்குடியில் எங்களுக்கு அந்தக் குறை கிடையாது.

போன மே மாதம் கொடைக்கானலுக்கு ஐந்து நாள் டூர். ஸ்வெட்டர் கடன் வாங்கி, முறுக்கு சுட்டு எல்லாம் முடிந்த பிறகு சகதர்மிணி கேட்டாள்: “ஜிம்மிய என்ன செய்யப் போறிய?”

ஜிம்மிக்கு அப்பன் சிப்பிப்பாறை, ஆத்தா எங்க தெரு. அப்பன் வழியில் ஒல்லி இடுப்பு, ஆத்தா வழியில் அகோரப் பசி.

எங்க தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. திண்ணையில் எந்நேரமும் ஒரு ஆச்சி இருப்பாள். நாய் தெருவுக்குப் பொது. நாலு வீட்டில் சாப்பிடும், அஞ்சாவது வீட்டில் தூங்கும். இப்போது கேட், கேட்டுக்குப் பூட்டு, பூட்டுக்கு உள்ளே நாய்.

கூடவே கூட்டிப் போகலாம் என்றால், வேனில் பதினோரு பேர். ரயிலில் போனாலும் லேசில்லை சார். ஃபர்ஸ்ட் ஏசியில் இரண்டு பெர்த் கூபேயோ நாலு பெர்த் கேபினோ முழுசாக நம் பேரில் இருந்தால்தான் நாய் நம்மோடு வரலாம். ஸ்லீப்பர், தேர்டு ஏசி, செகண்ட் ஏசி எதிலும் கூடாது. இல்லையென்றால் கார்டு இருக்கிற பெட்டியில், நாய்க் கூண்டு. நானே ஃபர்ஸ்ட் ஏசியை பிளாட்பாரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

சென்னை, மதுரை, கோவையில் நாய்க்கு ஹாஸ்டல் இருக்கிறது. எல்.கே.ஜி. அட்மிஷன் மாதிரி கேட்பார்கள். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ ஊசியெல்லாம் போட்ட புத்தகம் எங்கே? நியாயமான கெடுபிடிதான். பத்து நாய் சேருகிற இடத்தில் ஒன்றுக்குப் பார்வோ வந்தால் மற்றதுக்கும் வரும். கிளம்புகிற அன்று ஓடிப்போய் ஊசி போட்டாலும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு வாரமாவது வேண்டும். ஜிம்மியின் புத்தகத்தைத் தேடினேன். பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

ஆக, பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நடையில் கொஞ்சம் மிடுக்கு. மே மாதம் என்றால் பதனீர் சீசன், கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும், “இதெல்லாம் ஒரு விஷயமாலே? எம் புள்ள மாரி பாத்துக்கிடுதேன், போய்ட்டு வா மக்கா” என்றார்.

தினமும் சாயங்காலம் போன் போட்டேன்.

“ஜிம்மி சாப்பிடுதா அண்ணாச்சி?”

“ராசா மாரி இருக்கான். நீ ஊரச் சுத்திப் பாரு.”

நாங்களும் ஏரிக்கரையில் சோளக்கதிர் கடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

ஐந்தாம் நாள் ராத்திரி வந்து இறங்கினால், ஜிம்மி ஓடி வரவில்லை. நடந்து வந்தான். முன்னங்காலில் முடி சிரைத்து பிளாஸ்திரி. பின்னாலேயே அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல்.

நடந்தது இதுதான். இரண்டாம் நாள் அவர் பேத்திக்குப் பிறந்த நாள். கருப்பட்டிப் பாயசம், முந்திரியும் கிஸ்மிஸும் அள்ளிப் போட்டு. ஜிம்மிக்குத் தனியாக ஒரு சட்டி. மறுநாள் காலையில் வாந்தி, எழுந்து நிற்கவில்லை. சீசன் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு லோடு ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போயிருக்கிறார். மூன்று நாளும் டிரிப்ஸ். ராத்திரி எங்க வீட்டு வராந்தாவில் கட்டில் போட்டுக் காவல்.

“டூருக்குப் போன புள்ளையள எதுக்குக் கலங்கடிக்கணும்னுதான் சொல்லல. எங் கையால குடுத்தது மக்கா...” என்றவர் அதற்குமேல் பேசவில்லை.

டாக்டர் சொன்னது எனக்கும் புதுசு. திராட்சை, கிஸ்மிஸ் நாயின் கிட்னியைக் கெடுக்கும். இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. தின்ற ஓரிரு மணிக்குள் கொண்டுபோனால் வாந்தி எடுக்க வைத்துக் காப்பாற்றுவது சுலபம். டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்காவில் விலங்கு விஷ முறிவு டாக்டர்கள் 2021-ல் சொன்னார்கள். அது புளியிலும் உண்டு! புளிக்குழம்புச் சோற்றிலேயே காலம் தள்ளும் நாய்கள் நம்மூரில் எத்தனையோ இருக்கிறதே என்றால், எந்த நாய் தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். வெங்காயம், சாக்லேட்டும் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கிட்னி தப்பித்தது என்று ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அண்ணாச்சி பாயசம் தொடவில்லை.

தப்பு அவருடையது என்று என் மைத்துனன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோட்டார் சுவிட்ச், பால் கணக்கு, முருங்கைக்குத் தண்ணி என்று கிளம்புவதற்கு முன் அவருக்கு அரை மணி நேரம் விளக்கியவன் நான். ஜிம்மியைப் பற்றி நான் சொன்னது நாலே வார்த்தை: “சோறு போட்டாப் போதும் அண்ணாச்சி.”

இப்போது முழுநீளத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். எது ஆகாது, எந்த நேரம் சாப்பாடு, டாக்டர் போன் நம்பர், இடி இடித்தால் எங்கே ஒளிவான் எல்லாம். வெளியூர் போவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு ராத்திரி அண்ணாச்சியிடம் விட்டு ஒத்திகை. படுக்கிற இடத்தில் துவைக்காத என் கைலி, வாசனைக்கு. ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாய், 1925-ல் செத்துப்போன எஜமானருக்காக 1935-ல் தான் சாகிறவரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்ததாம். நாம் கொடைக்கானலில் இருக்கிறோமா, ஒரேயடியாகப் போய்விட்டோமா என்பது நாய்க்கு எப்படித் தெரியும்?

ஆவணியில் அண்ணாச்சி மும்பையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

“ரெண்டு ஆடு, ஏழு கோழி. பாத்துக்கிடுதியா மக்கா?”

“இதெல்லாம் ஒரு விஷயமா அண்ணாச்சி” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. முதல் வரி: ‘பாயசம் கூடாது.’